வெறும் வண்டியில் கேட்ட சத்தம்

அம்மா,

இன்று சாயங்காலம் புதுச்சத்திரம் தாண்டியதும் அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. பின்சீட்டுக்கு அடியில், வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலே, யாரோ மூடிய கதவைத் தட்டுவது போல. டொக்கு. சற்று இடைவெளி. டொக்கு, டொக்கு. மடியில் சரித்திரப் புத்தகம் திறந்திருந்தது. அதற்கு மேல் ஒரு வரியும் படிக்க முடியவில்லை.

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

அப்போதும் சனிக்கிழமைதான். உன் முதுகெலும்பு நோவுக்காக வாரம் ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரிக்கு அப்பா ஓட்டும் பஸ்ஸிலேயே போய்வந்தோம். பெட்ரோல் கிடைக்காத யுத்த நாட்கள். கரிப்புகையில் ஓடிய வண்டியின் பின்னால் கரி அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். சாய்ந்துகொள்ள இடம் இருக்கிறதென்று நீ பின்சீட்டில்தான் உட்காருவாய். குழி வருவதற்கு முன்பே முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்வாய். ஒவ்வொரு தட்டலுக்கும் உன் விரல்கள் வெளுக்கும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால், "நீ புஸ்தகத்தைப் படி சாமி" என்பாய்.

அப்பாவும் பட்டறை ஆசாரியும் வண்டியின் குலுக்கலைத் தாங்கும் வில்பட்டையை இரண்டு முறை மாற்றினார்கள். போல்ட்டுகளை எல்லாம் முறுக்கினார்கள். தட்டல் நிற்கவில்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறதே என்று முதலாளிக்குக் கோபம். ஒரு சந்தை நாளில் தாமே ஏறி வந்தார். மூட்டை, கோழிக்கூடை, ஜனம் என்று நிற்க இடமில்லை. வண்டி ஒரு சத்தமும் போடவில்லை.

"ஏன்டா, சத்தம் வண்டியிலயா, உங் காதுலயா? இன்னொருக்கா வண்டிய நிறுத்திப்போட்டு நோண்டுனீன்னா, சாவியக் குடுத்துப்போட்டு ஊடு போய்ச் சேரு!"

அப்பா அன்று சாப்பிடவில்லை. நீ பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். திரும்பாமலே பேசினாய்.

"ஏனுங்க, சந்தைக் கூட்டத்தை ஏத்திக்கிட்டு ஓட்டுனா எப்படிங்க கேக்கும்? பாரம் இருந்தா அது பேசாதுங்க. ஆளெல்லாம் எறங்குனாத்தான் தட்டுது."

"ஆமா, நீ பெரிய மேஸ்திரி!"

"மேஸ்திரி வண்டிக்கு அடியில படுக்கறாருங்க. நான் மேல உக்காந்திருக்கறேன். என்ற முதுகைக் கேட்டுப் பாருங்க."

அடுத்த சனிக்கிழமை என்னிடம் பென்சிலை எடுக்கச் சொன்னாய். எந்த ஊரில் எத்தனை பேர் இறங்கினார்கள், அதன்பின் எத்தனை முறை தட்டியது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்தேன். ஆண்டகளூர் வரை ஒன்றுமில்லை. புதுச்சத்திரத்தில் வண்டி அநேகமாகக் காலியானது. அதற்குப் பிறகு என் பென்சில் ஓயவில்லை. அப்பா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

மறுநாள் காலை ஆசாரி வண்டியின் உடம்பை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, கடப்பாரையால் நெம்பினார். வில்பட்டையின் முனையைச் சட்டத்தோடு தொங்கவிடும் இரும்புக் காது விழப்போகும் பல்லாக ஆடியது. உள்ளே இரும்புப் பின்னைச் சுற்றியிருந்த புஷ் என்கிற வளையம் வெங்காயத் தோல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பாரம் ஏறினால் அந்த இரும்புப் பின் வளையத்தின்மேல் அழுந்திக் கிடக்கும். பாரம் இறங்கினால் துள்ளித் துள்ளி இடிக்கும்.

"அம்மணி சொன்னது நெசந்தானுங்க. அது முதுகில்லீங்க, தராசு!" என்றார் ஆசாரி.

இரும்புப் பின்னை ஆசாரியே அடித்துத் தந்தார். புஷ் எந்தக் கடையிலும் இல்லை. கீறல் விட்டுப் பரணில் கிடந்த உன் சீர்ப் பானையை, வெண்கலம்தானே என்று நீதான் இறக்கச் சொன்னாய். பாதியை வெட்டிக் கொண்டுபோனார்கள். உருக்கிக் கடைந்து கொடுத்த லேத்துக்காரர், "வெண்கலம் முறுக்கு மாதிரிங்க. நொறுங்கிப்போச்சுன்னா என்னையத் திட்டப்படாது" என்றாராம். அப்பா அதைச் சொன்னபோது நீ சிரித்தாய். "சோறு பொங்குன பானைங்க. தாங்கும்."

தாங்கியது. முதலாளி வந்து வெறும் வண்டியில் ஒரு சுற்றுப் போய், "நாந்தான் அன்னைக்கே சொன்னனே, சத்தமே இல்லீன்னு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். சாவி அப்பாவிடமே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது நீ கம்பியைப் பிடிக்கவில்லை. புதுச்சத்திரத்துக்கு அப்பால் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாய். நாமக்கல் வந்தும் அப்பா எழுப்பவில்லை. எல்லோரும் இறங்கிய வண்டியில், ஸ்டியரிங்கின் மேல் கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். என் தோள் மரத்துப்போனது. கண்விழித்ததும் நீ கேட்டாய்: "அதுக்குள்ள வந்துருச்சா?" அதன்பின் நமக்கு நான்கு சனிக்கிழமைகள்தான் இருந்தன.

இன்று சித்தி வீட்டிலிருந்து திரும்பினேன். உன் இடத்தில் நிறைமாதக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தட்டும்போதெல்லாம் ஒரு கையால் கம்பியையும் மறுகையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் சாமி, இந்த வண்டி எப்பவுமே இப்படித்தானா?"

"இல்லீங்க அக்கா. இப்பத்தான்."

ஷெட்டில் அப்பா என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா சாமி?"

"கேட்டுச்சுங்கப்பா. வலது பக்கம், பின்னாடிக் காது."

நீ என்ன மேஸ்திரியா என்று அவர் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். புஷ் இன்றும் எங்கும் கிடைப்பதில்லை. பானையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் பேசவில்லை.

உலை வைத்து, சோறு வடித்து, பாத்திரம் கழுவி உட்கார்ந்தபோது உடம்பெல்லாம் வலித்தது. உனக்குத் தினமும் இப்படித்தான் இருந்திருக்கும். அதோடு முதுகும். பரணில் ஏறி மீதிப் பாதியை இறக்கினேன். விளிம்பில் உன் அடுப்புக் கரி இன்னும் இருக்கிறது. நான் அதைத் தேய்த்ததே இல்லை. இதுவும் உருகிவிட்டால் அந்தக் கரியும் போய்விடும். இன்னும் ஒரு புஷ்ஷுக்குத்தான் வரும்.

அப்பாவாக இதைக் கேட்கமாட்டார். காலையில் அவர் கையில் நானே கொடுத்துவிடப் போகிறேன். அந்த அக்காவுக்கு அடுத்த சனிக்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம்.