மூன்றாவது நட்டு

மாமா, சோப்பு போட்டு மூன்று முறை கழுவிவிட்டேன், கையில் டீசல் வாசனை போகவே இல்லை. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டால் அதுவும் டீசலாக மணக்கிறது. சந்தோஷப்படுங்கள், எல்லாம் உங்கள் பழைய பிக்கப் செய்த வேலை.

பத்து நாளாக வண்டி ஒரே உதறலாக இருந்தது. சிதம்பரத்துக்குப் பலா ஏற்றிப் போனபோது ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் பாலம் ஏற மாட்டேன் என்றது. பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரனில் என் மானமே போயிற்று. கடலூர் மெக்கானிக், "இன்ஜினையே இறக்கணும்க்கா. அதுக்கு வித்துட்டுப் போங்க" என்றார். என் தம்பி உடனே ஆள் பிடித்துவிட்டான்; வெள்ளிக்கிழமை வந்து எடுத்துப்போவதாகப் பேச்சு. நீங்கள் கண்ணை மூடிய பிறகு நான் பயந்து பயந்து ஓட்டக் கற்ற வண்டி. ஆனாலும் சரியென்று சொல்லிவிட்டேன்.

வண்டி உதறினால் நீங்கள் என்னை சீட்டில் உட்கார வைப்பீர்களே, ராத்திரி அது நினைவு வந்தது. பானட்டைத் தூக்கி, ஓடும் இன்ஜினில் டீசல் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவீர்கள். "நாலு பேர்ல எவன் வேல செய்யலன்னு தெரியணும்னா, ஒவ்வொருத்தனா வீட்டுக்கு அனுப்பிப் பாக்கணும்டி." தளர்த்தியதும் சத்தம் நொண்டினால் அந்த சிலிண்டர் நல்லது, மாறாவிட்டால் அதுதான் சோம்பேறி. ஒவ்வொரு நட்டுக்கும் "மாறுச்சா?" என்று கத்துவீர்கள். எனக்கு எரிச்சலாக வரும். "பக்கத்துலதான நிக்கிறீங்க, கேக்கலியா? அடுப்புல கொழம்பு கெடக்கு!" என்பேன். சிரித்து மழுப்புவீர்கள்.

வியாழக்கிழமை தம்பி கையில் ஸ்பானரைத் திணித்துவிட்டு சீட்டில் உட்கார்ந்தேன். "ஒனக்கு வேற வேல இல்லியாக்கா?" என்று முனகிக்கொண்டே தளர்த்தினான். முதலாவது நொண்டியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கத்தினான்: "அக்கா, இதுல மாறவே இல்ல!"

அங்கே நின்றால் யாருக்கும் கேட்கும், மாமா. உங்களுக்குத்தான் கேட்கவில்லை. டிவியை அலறவிட்டதுகூட அதனால்தானா? வருஷக்கணக்காக என் காதை வைத்தே வண்டி பார்த்திருக்கிறீர்கள், ஒரு வார்த்தை மூச்சு விடவில்லை. வீம்பு பிடித்த மனுஷன்! ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுதேன். தம்பி பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

கோளாறு அந்த மூன்றாவது சிலிண்டருக்கு டீசல் பீய்ச்சும் நாசில்தான். தம்பியோடு நானும் கைபோட்டு அதை மாற்றியதும் உதறல் நின்றது, பாலத்தில் பாரத்தோடு ஜம்மென்று ஏறுகிறது. வாங்க வந்தவர் ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருக்கு, ஏம்மா குடுக்குறீங்க?" என்றார்.

"குடுக்கல" என்றேன்.

இப்போது அண்ணாகிராமத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். "அக்கா, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க." கூச்சப்படாமல் போகிறேன். நீங்கள் இத்தனை வருஷம் நம்பிய காதாயிற்றே.