நான் சொல்லாமல் மறைத்தது

என் தங்க அம்மாவுக்கு,

உன் கருமாதி முடிந்து நாலு நாளாகிறது. அப்பா தூங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். நான் இதை எழுதும் கொப்பி அவர் கையில் கிடைத்தால் என்ன நடக்குமோ தெரியாது.

உன் மேல் எனக்குக் கோபம். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதற்காக, பதினாலு வயதுப் பிள்ளையை நம்பியா கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போனாய்? போன தடவை ராணுவச் சோதனைச் சாவடியில் தன்னைப் பிடித்து வைத்தார்கள் என்று அப்பா வரவில்லை. எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாம் இருவர் மட்டும்தான்.

அந்த டாக்டர் மேலும் கோபம். மருந்தை விளக்கும் தமிழ்ச் சம்மதத் தாள் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துச் சிங்களத்தில் பேசினார். புற்றுநோய் பரவிவிட்டதாம். கொடுக்கப்போவது புது மருந்தாம். மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான் முதலில் சிலருக்குக் கொடுக்கிறார்களாம். குணமாகும் என்று சொல்ல முடியாதாம். வேண்டாமென்றால் எந்த நேரத்திலும் நிறுத்தலாமாம், வழக்கமான வைத்தியம் நடக்குமாம்.

"என்னாடி சொல்றாரு?" என்றாய்.

"புது மருந்தாம்மா. கொணமாயிருமாம்."

"அப்ப எங்க கைநாட்டு வைக்கணும்னு கேளு."

மூன்றாவது ஊசிக்குப் பிறகு வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. "வேணாம்னு சொன்னா கட்டில புடுங்கிருவாங்களா புள்ள?" என்று கேட்டாய். வேலைக்குப் போகாவிட்டால் நாம் குடியிருக்கும் லயக் காம்பராவைத் தோட்டத்தார் பறித்துவிடுவார்கள் என்று காய்ச்சலோடும் கொழுந்து பறித்தவள் நீ. ஆஸ்பத்திரியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாய்.

நிறுத்தலாம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொன்னால் என் பொய்யும் வெளியே வந்துவிடும். "பேசாம இரும்மா" என்றேன். இன்னும் இரண்டு ஊசியைத் தாங்கினாய். ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை? என்னை ஏன் அவ்வளவு நம்பினாய்?

நாளைக்குத் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் வீட்டுக்கு வருகிறார். டாக்டர் மீது மனு எழுதப் போகிறார்கள். "அந்தாளு ஒண்ணுமே சொல்லலன்னு சொல்லு. மத்தத நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார் அப்பா. பயத்தில் தலையாட்டிவிட்டேன்.

ஆனால் டாக்டர் சொன்னார் அம்மா. ஒரு சின்னப் பிள்ளையிடம் சொன்னார், அதற்காக அவரை மன்னிக்கவே மாட்டேன். இருந்தாலும் சொன்னார்.

நாளைக்குத் தலைவர் எழுத உட்கார்ந்ததும், நான் உன்னிடம் மறைத்ததை முதலில் எழுதச் சொல்வேன். அப்பா அடிப்பார். தடுக்க நீ இல்லை. அடித்தாலும் சொல்வேன்.

உன்னிடம் பொய் சொன்ன
உன் மூத்த மகள்