சட்டைப் பையில் உன் சங்கு

அக்கா,

உன் பித்தளைச் சங்கு இப்போது என் மேசைமேல் கிடக்கிறது. நாம் பிள்ளைகளாக இருந்தபோது எனக்குப் பால் புகட்டிய அதே சங்கு. புளி போட்டு இரண்டு தடவை தேய்த்துவிட்டேன், கருப்பட்டி வாசனை போவேனா என்கிறது. நான்கு நாளாக அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். டீக்கடைக்காரர், "என்னண்ணே பையில துருத்திக்கிட்டு இருக்கு, புது போனா?" என்றார். பழைய மாடல் என்று சொல்லி வைத்தேன்.

ஏன் ஒளித்தேன் என்பதை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். இந்த வழக்கில் நீயும் ஒரு குற்றவாளி.

நான் தாத்தாவாகிவிட்டேன். பேத்தி. அவசரக்காரி, மாதம் நிறையும் முன்பே வந்துவிட்டாள். ஒரு கிலோ எண்ணூறு. கையில் வாங்கியபோது துணியை மட்டும்தான் கொடுத்திருக்கிறார்களோ என்று பிரித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்திருந்து, தாய்ப்பால் நன்றாகக் குடிக்கத் தொடங்கியபின் அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வாராவாரம் வியாழக்கிழமை எடை பார்க்கப் போக வேண்டும். அன்று காலையில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

போன வியாழன் எடை ஏறியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். டாக்டரம்மா போதும் என்றார். எனக்குப் போதவில்லை. ஏதாவது பவுடர் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் பிள்ளையைப் பார்த்தார், பிறகு என் வயிற்றைப் பார்த்தார்.

"நீங்க பொறக்கும்போது எப்படி இருந்தீங்க சார்?"

"நிச்சயமா இம்புட்டு இல்ல மேடம்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதனால் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. மழை பொய்த்த வருஷம், அம்மா அரை வயிற்றோடு என்னைச் சுமந்தது, நான் எலிக்குஞ்சு மாதிரி பிறந்தது, அம்மா பத்தாம் நாளே களையெடுக்கப் போனது, எட்டு வயசுப் பெண் நீ என்னை இடுப்பில் வைத்துக்கொண்டது, எல்லாம். என் நாக்கில் சேனைத் தண்ணீர் வைத்ததும் நீதான். பிறந்த பிள்ளைக்கு முதல் இனிப்பை யார் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் வரும் என்பார்களே. எனக்கு உன் குணம் வரவில்லை, வந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். உடம்பு மட்டும்தான் வந்தது.

சேனையோடு நீ நிறுத்தவும் இல்லை. வேளைக்கு வேளை கருப்பட்டித் தண்ணீர். அதுவும் போதாது என்று உன் பங்குக் கேப்பைக்கூழைத் துணியில் வடித்துச் சங்கில் ஊற்றினாய். அம்மா கண்டுபிடித்துக் கேட்டபோது, எனக்குப் பசிக்கல என்றாயாம். வயசு ஒன்று முடிவதற்குள் நான் பூசணிக்காய். தெருவே உன்னைப் பாராட்டியது. நீ குச்சியாகவே இருந்தாய், மேலூரில் வயலும் சோறும் உள்ள வீட்டில் வாழ்க்கைப்படும் வரை. அதன்பிறகு உனக்கும் உடம்பு வைத்தது பார்.

"உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க?" என்றார் டாக்டர்.

இல்லை என்றேன். எடை, சர்க்கரை, கடைசியில் இருதயம். "ஆனா மேடம், ரெண்டு இட்லிக்கு மேல திங்கிறதே இல்லன்னு சொல்லிக்கிட்டே இருப்பா," என்று சொல்லிப் பழக்கதோஷத்தில் கண்ணடித்தேன்.

"நெசமா இருக்கும் சார்," என்றார் அவர்.

வயிற்றில் இருக்கும்போதும் சின்ன வயசிலும் பட்டினியைப் பார்த்த உடம்பு கிடைப்பதையெல்லாம் சேர்த்து வைக்கப் பழகிக்கொள்ளுமாம். பின்னால் சோறு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடாதாம். சின்னதாகப் பிறந்த பிள்ளையை அவசரப்பட்டுக் கொழுக்க வைத்தாலும் அதே கதைதானாம். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்றில்லை, ஆனால் வாய்ப்பு அதிகம். ஆகவே தாய்ப்பால், பொறுமை, வியாழக்கிழமை. அவ்வளவுதான் மருந்து.

நான் அங்கே உட்கார்ந்திருந்தேன், ஆனால் இருந்தது மண்டபத்தில். மகள் கல்யாணத்து மண்டபம். கையில் மைக் கிடைத்தால் நான் என்ன ஆவேன் என்பது உனக்குத் தெரியும். நான்கு ஊர்ப் பட்டிமன்றத்தில் பேசி நாலு பேர் கைதட்டிவிட்டால் சொந்தக்காரர்கள் எல்லாம் நகைச்சுவைக்குச் சரக்காகிவிடுகிறார்கள். நீ முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாய். "எங்க அக்கா உக்காந்த நாற்காலிக்கு மட்டும் மண்டபத்துக்காரர் தனி முன்பணம் கேக்குறாரு," என்றேன். மண்டபம் அதிர்ந்தது. முதலில் சிரித்தவள் நீதான்.

பந்தியில் உன் இலையில் ஒரு கரண்டி தயிர்ச்சோறு. நான் குனிந்து, வீட்டில் போய்ச் சேர்த்துத் தின்பாய்தானே என்றேன். கை கழுவிவிட்டு வந்து, பேப்பரில் சுற்றிய இந்தச் சங்கை என்னிடம் கொடுத்தாய். பேரப்பிள்ளை வந்தால் ஆகும் என்றாய். பிறகு, யாருக்கும் கேட்காத மாதிரி:

"நெசமாவே திங்கலடா தம்பி. நீயாச்சும் நம்பு."

நான் சிரித்தேன். ஆறாம் மாதம் நீ போய்விட்டாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சம்பந்தியம்மா வாடிப்பட்டியிலிருந்து வந்து இறங்கினார், ஒரு கையில் பவுடர் டின், மறு கையில் கருப்பட்டி. தங்கமான மனுஷி, அதுதான் பிரச்சினை. கெட்டவர்களை எதிர்க்கலாம். பேத்தியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கோழிக்குஞ்சு கூட இதவிடக் கனக்கும்," என்று சமையலறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் கருப்பட்டி மணம். அலமாரியில் இருந்த உன் சங்கு அவர் கண்ணில் பட்டுவிட்டது.

டாக்டர் தாய்ப்பால் மட்டும்தான் என்று சொல்லியிருப்பதாக என் மகள் மெதுவாகச் சொன்னாள். "டாக்டரா தூக்கி வளக்கப் போறாக?" என்றார் அவர். மகளின் கண் நிறைந்துவிட்டது. என் மனைவி, சம்பந்தி மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தாள். சங்கு நிரம்பி, பிள்ளையின் உதட்டுக்குப் பக்கத்தில் போய்விட்டது.

எழுந்து போய் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். சம்பந்தி கையிலிருந்து ஒரு பொருளைப் பிடுங்குவது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குச் சொல்ல வேண்டாம். பிடுங்கிய பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. நானே குடித்துவிட்டேன்.

சர்க்கரைக்காரன், நூற்றுநான்கு கிலோ, சங்கில் கருப்பட்டித் தண்ணீர் குடித்துவிட்டு நிற்கிறேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சிரிப்பை எதிர்பார்க்காத ஒரே இடம் அது.

"அப்ப எம் மகனுக்கு நான் குடுத்து வளத்ததெல்லாம் வெசமாண்ணே?" என்றார் அவர்.

"வெசம் இல்லம்மா. எங்க அக்காவும் பாசத்துலதான் குடுத்தா. அவ பங்கையும் சேத்துக் குடுத்தா. அவ உடம்பும் வீணாப்போச்சு, எனக்கும் இந்த உடம்பு வந்துச்சு. இந்தப் பிள்ளை மெதுவா வரட்டும்மா."

நகைச்சுவை இல்லாமல் நான் உன்னைப் பற்றி நாலு வார்த்தை பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசியில் அவர் சொன்னார், வியாழக்கிழமை எடை ஏறவில்லை என்றால் தன் பேச்சைத்தான் கேட்க வேண்டும் என்று. சரி என்றேன். சங்கைப் பையில் போட்டுக்கொண்டேன். சம்பந்தியம்மாவுக்குப் பயந்து என்று வீட்டில் நினைத்தார்கள். எனக்குப் பயந்துதான் அக்கா. பிள்ளை சிணுங்கும்போதெல்லாம் என் கை தானாகப் பைக்குப் போனது. தவறு என் பக்கம் இருந்து, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எட்டு வயசில் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்று வியாழன். சம்பந்தியம்மாவும் வந்தார். தட்டில் பிள்ளையைக் கிடத்தினார்கள். காலை உதைத்ததில் எண்கள் நிற்காமல் ஓடின. நின்றன. டாக்டர் எடை அட்டையில் ஒரு புள்ளி வைத்து, கோட்டோடு சேர்த்தார். "இதே வேகம் போதும். இதவிட வேகம் வேணாம்." சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "டின்ன கடைல திருப்பி வாங்குவானான்னு தெரியலண்ணே," என்றார்.

கிளம்பும்போது நர்ஸ் பெண் விளையாட்டாக என்னையும் பெரிய எடை மெஷினில் ஏறச் சொன்னாள். பார்த்துவிட்டு, நல்லா சாப்பிடுவீங்க போல என்றாள். காலையில் இரண்டு இட்லிதான் என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மண்டபத்தில் நான் உன்னிடம் சிரித்ததும் அதுதான்.

பிள்ளையைத் தோளில் போட்டிருந்த என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. "அப்பா நெசமாவே ரெண்டுதான் சாப்பிட்டாரு சிஸ்டர்," என்றாள்.

டீக்கடையில் நான் தின்ற வடை அவளுக்குத் தெரியாது. வடை தின்ற எனக்கே சாட்சி சொல்ல ஓர் ஆள் இருக்கிறது அக்கா.

சங்கை அலமாரியில் வைக்கச் சொல்கிறார்கள். கொஞ்ச நாள் பையிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மகள் சொன்ன அந்த ஒரு வரிதான் நீ என்னிடம் கேட்டது. அதைச் சொல்ல அன்று ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் இருந்தார்கள். மைக் என் கையில்தான் இருந்தது.