காற்றுக்குக் கட்டிய கயிறு

அக்டோபர் 12, 1998. திங்கள். பிளசன்டன்.

நான் ஸ்காட்லாந்து போகவில்லை. சேகர் ஆபீஸ் வேலையாகப் போகும்போது நானும் குழந்தையும் கூடப் போவதாக இருந்தது. டிக்கெட்கூட வாங்கியாயிற்று. இன்றுதான் என் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்தார். விசா ஸ்டாம்ப் காலாவதியாகியிருந்தது. இங்கே அமெரிக்காவில் தங்க எக்ஸ்டென்ஷன் வந்ததுமே எல்லாம் சரியாகிவிட்டது என்று இருவரும் இருந்துவிட்டோம். போன வருஷம் தன் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போனபோது அவர் தன்னுடைய ஸ்டாம்பைப் புதுப்பித்துக்கொண்டார். நான் நிறைமாதமாக இங்கே இருந்தேன்.

"வெளிய போனா திரும்ப வர்றது கஷ்டம்னு லாயர் சொல்றார். ரிஸ்க் வேணாம்மா."

இந்தக் கோடை முழுவதும் லைப்ரரி புத்தகங்களில் அந்த வடக்குக் கடற்கரையில்தான் குடியிருந்தேன். ஆடு வளர்க்க நிலம் வேண்டும் என்று நிலச்சுவான்தார்கள் துரத்திய குடும்பங்கள், அங்கே பாறை விளிம்பில் வீடு கட்டிக்கொண்டார்களாம். காற்று கடலில் தள்ளிவிடாதபடி குழந்தைகளைக் கயிற்றால் கட்டி வைப்பார்களாம். மிச்சமிருக்கும் சுவர்களை ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன்.

"நீங்களாவது போய்ப் பாருங்களேன்" என்றேன்.

"அந்தக் காத்துல யார் போவா? அதான் நீ புக்லயே பார்த்துட்டியே."

பெட்டியில் மூன்று ஸ்வெட்டர் வைக்கச் சொன்னார். காற்றுப் பக்கமே போகாதவருக்கு எதற்கு மூன்று? வைத்துவிட்டேன்.

குழந்தை என் நைட்டியைக் கொத்தாகப் பிடித்தபடி தூங்குகிறாள். எழுந்துபோய் விளக்கை அணைக்கக்கூட முடியாது.