நாற்பத்திரண்டு டிக்

மார்ச் 2, திங்கள்
இன்றும் கணுக்கால் மடங்கியது. டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்படி பக்கம் நகர்ந்தேன், அவ்வளவுதான். இந்த ஆண்டில் ஐந்தாவது தடவை. "என்ன கண்டக்டரே, டான்ஸா?" என்றார் டிரைவர். பஸ்ஸே சிரித்தது.

மார்ச் 3, செவ்வாய்
பிசியோதெரபி டாக்டரம்மாவிடம் போனேன். "எலும்புக்கு ஒண்ணும் இல்ல. பழைய சுளுக்கை நீங்க கவனிக்காம விட்டுட்டீங்க. அந்தக் கால் உறுதியா நிக்க மறந்துடுச்சு, திரும்பப் பழக்கணும்."
ஒற்றைக்காலில் நிற்பது, குதிகாலை உயர்த்துவது, ரப்பர் பட்டையைப் பாதத்தால் இழுப்பது. பதினான்கு நாளுக்கு ஒரு தாள், நாளுக்கு மூன்று கட்டம். செய்தால் டிக் போட வேண்டும். கணுக்கால் உறையைக் கழற்றவே கூடாதாம்.

மார்ச் 6, வெள்ளி
செய்யவில்லை. ஆடுகிற பஸ்ஸில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு நிற்பதற்குப் பாடமா?

மார்ச் 9, திங்கள்
செய்யவில்லை.

மார்ச் 17, செவ்வாய்
டாக்டரம்மாவிடம் போகும் வழியில் உட்கார்ந்து நாற்பத்திரண்டு கட்டத்திலும் டிக் போட்டேன். சந்தேகம் வரக் கூடாதென்று நீலப் பேனா, கறுப்புப் பேனா என்று மாற்றி மாற்றி. அங்கே ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "இவ்வளவு ஒழுங்கா யாருமே செஞ்சதில்ல" என்று சந்தோஷப்பட்டார். இனி வீட்டுக்குள் உறை வேண்டாமாம்.

மார்ச் 22, ஞாயிறு
மகளைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். உறை போடவில்லை. மூன்றாவது படியில் கால் மடங்கியது. எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. ஆறு வயசுடா அவளுக்கு! தினம் பத்து நிமிஷம் — அது கூடவா முடியல உனக்கு?
மனைவி திட்டவில்லை. "பயிற்சியெல்லாம் செஞ்சும் இப்படி ஆயிடுச்சே" என்று என் காலுக்கு மருந்து போட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 24, செவ்வாய்
டாக்டரம்மா என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க மேல தப்பில்ல. நான்தான் அவசரப்பட்டு உறையைக் கழட்டச் சொல்லிட்டேன்." தலையாட்டிவிட்டு வந்தேன். படுபாவி நான்.

மார்ச் 26, வியாழன்
டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், இரண்டு பேனா கதை உட்பட. அவர் பழைய தாளை ஓரமாகத் தள்ளிவைத்தார். "ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல, தெரியுமா?" பிறகு புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.
வீட்டிலும் சொன்னேன். மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு
மூன்றும் செய்தேன். நேற்று இரண்டுதான். மூன்றாவது கட்டம் காலியாகவே இருக்கிறது.

ஏப்ரல் 20, திங்கள்
மனைவி இன்று என்னிடம் பேசினாள். "ரப்பர் பட்டை கட்டிலுக்கடியில கெடக்கு."

ஜூன் 14, ஞாயிறு
கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக்காலில் அரை நிமிடம் நிற்கிறேன். கால் கடைசியாக மடங்கி மூன்று மாதமாகப் போகிறது. படியில் சுமை தூக்கலாம் என்று டாக்டரம்மாவே சொல்லிவிட்டார்.
மகளுக்கும் கட்டுப் பிரித்து நாளாகிவிட்டது. இன்று மாடிப்படியில் அவள் முன்னால் குனிந்தேன். "ஏறிக்கோடா கண்ணு."
"வேணாம்ப்பா. நான் நடந்தே வரேன்."
இரண்டு படி இறங்கி, நின்று, எனக்காகத் திரும்பிப் பார்த்தாள்.
"நீ கம்பியப் பிடிச்சுக்கப்பா."
பிடித்துக்கொண்டேன்.