பத்து வருடத்தில் ஆறு வயது

அக்டோபர் 26, ஞாயிறு. மகள் வீடு, எடிசன்.

மாப்பிள்ளை ஷானின் கொள்ளுத் தாத்தாவுக்கும் அப்பா, மைக்கேல் என்பவர், அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறி வந்தவராம். ஒரு மாதமாக மாப்பிள்ளை லேப்டாப்பில் அவரைத் தேடுகிறார். இன்று மதியம் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இரண்டு பக்கங்களைக் காட்டினார். முதலாவதில் மைக்கேலுக்கு வயது இருபத்தெட்டு. பத்து வருடம் கழித்து எடுத்ததில் முப்பத்துநான்கு.

"வயசு மேட்ச் ஆகலப்பா. இது வேற மைக்கேல்னு ஷான் டெலீட் பண்ணப் போறாரு" என்றாள் கவிதா.

தெரு அதேதான். பெண்டாட்டி பெயரும் அதேதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரே ஆள்தாம்மா. வாய்க்கு வந்த வயசைச் சொல்லியிருப்பான். எனக்கே பொறந்த நாள் ஜூன் ஒண்ணுங்கிறது ஸ்கூல்ல சேர்க்க ஹெட்மாஸ்டர் போட்ட தேதிதானே?"

கவிதா அதை ஷானுக்கு இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

"என்னப்பா சொல்றீங்க? வருஷா வருஷம் அன்னிக்குத்தானே கேக் வெட்றோம்!"

கிரீன் கார்டிலும் அந்தத் தேதிதான்.

நிஜமாக என்று பிறந்தேன்? ஐப்பசி, அடைமழை. அவ்வளவுதான் தெரியும். கேட்டுவைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. இப்போது கேட்க ஆளில்லை.

கவிதா மீதியையும் சொல்லி முடித்தாள். ஷான் மைக்கேலை அழிக்கவில்லை. குடும்ப சார்ட்டில் அவர் பிறந்த தேதிக்கு ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு சார்ட்டில் கவிதாவின் பக்கம் போய், என் பெயருக்கு நேரேயும் ஒன்று போட்டார்.

இப்போது ஐப்பசிதான் நடக்கிறது. இன்றாகக்கூட இருக்கலாம்.