என் பெயரில் இல்லாத என் வலைத்தளம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அது வேறு கதை. மெயிலில் எழுதாமல் பேனாவைப் பிடித்ததற்குக் காரணம், என் மெயில் மேல் எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதி சொல்வதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் முழுசாகக் கேள்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறாரே, ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், அவர் போன மாதம் பத்து நாள் இடைவெளி விட்டு ஒரு திங்கட்கிழமை வந்தார். படுக்கையில் ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. "மேடம், எண்ணெய் போட்டும் காலு மடங்க மாட்டேங்குதே" என்றார். எந்த எண்ணெய் என்று கேட்டேன். "நீங்க சொன்னதுதான்" என்று போனை எடுத்துக் காட்டினார். நீ கட்டிக் கொடுத்த நம் வலைத்தளம். என் படம், என் பெயர், நான் எழுதிய முழங்கால் பயிற்சிப் பக்கம், அதன் தலையில் சிவப்பு எழுத்தில், இனி பயிற்சி வேண்டாம், இந்த எண்ணெயை ஒரு வாரம் தடவினால் போதும் என்று இருந்தது. அந்த மனிதர் என்னை நம்பிப் பயிற்சியை நிறுத்திவிட்டார். கோணம் அளந்து பார்த்தேன். தொண்ணூற்றைந்து டிகிரி வரை மடங்கிக்கொண்டிருந்த கால் எழுபதில் நின்றது. இப்படியே போனால் மறுபடி மயக்கம் கொடுத்து மடக்க வேண்டி வரும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். அன்றைக்கு அந்த டிரைவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, அவரோ "பரவால்ல மேடம், உங்க மேல தப்பில்ல" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறார்.

என் மேல் தப்பு இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். வலைத்தளம் இரண்டு நாளில் முடிகிறது, உடனே புதுப்பியுங்கள் என்று ஒரு மெயில் வந்தது. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடவில்லை. இது நிஜமா பொய்யா பார்த்துச் சொல் என்று உனக்குத்தான் அனுப்பினேன். நீ பார்த்துவிட்டாய் என்று போன் காட்டியது, பதில்தான் இல்லை. இரண்டு நாள் காத்திருந்துவிட்டு, பக்கம் நின்றுபோய்விடுமே என்ற பயத்தில் அது கேட்ட இடத்தில் பாஸ்வேர்டைப் போட்டேன். மெயிலுக்கும் அதே பாஸ்வேர்டு. மறக்காமல் இருக்க எல்லாவற்றுக்கும் ஒன்றே வைத்தவள் நான், அதைச் செய்து கொடுத்தவன் நீ. உள்ளே நுழைந்தவன் இரண்டின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டான், டிரைவர் வந்த அன்று திறக்கப் போனபோதுதான் எனக்கே தெரிந்தது. மறந்துவிட்டேன் என்று அழுத்தினால் மீட்கும் எண் எங்கே போகிறது தெரியுமா, உன் காலேஜ் மெயிலுக்கு. அதை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. வலைத்தளத்துக்கு இடம் கொடுத்திருக்கும் கம்பெனிக்குப் போன் செய்தால் அங்கே ஒரு பெண், "ஓனர் பேரு வேற இருக்குங்க, அவரைப் பேசச் சொல்லுங்க" என்றாள். நான் அவன் அம்மா என்றேன். "நீங்கதான் அம்மான்னு எனக்கு எப்படிங்க தெரியும்" என்று கேட்டாள். அவள் மேல் கோபப்படவும் முடியவில்லை. எனக்கு உன் மேல்தான் வந்தது. நான்கு நாள் உன்னைக் கூப்பிட்டேன். மீட்டிங், அப்புறம் பேசறேன், வாரக் கடைசியில பார்க்கறேன். மூன்றாம் நாள் நீ சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "ஒரு சின்ன வெப்சைட்தானேம்மா, ஏன் இப்படிப் பதறறீங்க."

அந்த நான்கு நாளும் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா. நோட்டுப் புத்தகத்தில் இருந்த நூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளுக்கும் நானும் அப்பாவும் போன் போட்டோம். எண்ணெய் நான் சொன்னதில்லை, பயிற்சியை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அப்பா பாதியை எடுத்துக்கொண்டார். ஒரு அம்மாள் அப்படியானால் எந்த எண்ணெய்தான் நல்லது என்று அவரைக் கேட்க, இவரும் பெரிய வைத்தியர் மாதிரி பத்து நிமிஷம் விளக்கம் கொடுத்தார். போனைப் பிடுங்கி வைத்தேன். ஏழு பேர் பயிற்சியை நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர், இனி வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

ஐந்தாம் நாள் நீ கம்பெனிக்கு எழுதினாய், ஒரு மணி நேரத்தில் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேர வேலை. நம் தெரு முனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பெண் மூன்று சாயங்காலம் வந்து உட்கார்ந்து சரிசெய்தாள். உள்ளே நுழைந்தவன் கெடுத்துவைத்த நாற்பத்தொரு பயிற்சிப் பக்கத்தில் பதினெட்டுதான் பழைய பென்டிரைவில் கிடைத்தது, மீதிக்கு நகல் எங்கேயும் இல்லை. "உங்க பையன் நல்லாத்தான் கட்டியிருக்காரு, பூட்டத்தான் மறந்துட்டாரு" என்றாள். இப்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு. பாஸ்வேர்டு போட்டாலும் என் போனுக்கு ஒரு எண் வந்தால்தான் திறக்கும். வெள்ளிக்கிழமைதோறும் நகல் எடுத்து அலமாரியில் வைக்கிறேன். மெயிலில் வரும் எதையும் அழுத்துவதில்லை, சந்தேகம் வந்தால் கம்பெனி நம்பருக்கு நானே போன் செய்து கேட்கிறேன். இதெல்லாம் எனக்குப் புரியாது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். ஒரு மத்தியானத்தில் புரிந்தது, சொல்லிக் கொடுக்க ஆள்தான் இல்லாமல் இருந்தது. ரயில் டிரைவருக்கு எண்பத்தெட்டு டிகிரி வந்திருக்கிறது, மயக்கம் கொடுக்க வேண்டாம் என்று நேற்று சொல்லிவிட்டார்கள்.

உன் மெயிலுக்கும் உன் வீட்டுக் கணக்குகளுக்கும் எல்லாம் ஒரே பாஸ்வேர்டாகத்தான் இருக்கும், எனக்கு உன்னைத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமையே மாற்று. மருமகளுக்கும் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, எப்போது பார்த்தாலும் திரை முன்னால் உட்கார்ந்து கழுத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசி என்றைக்கும் உண்டு.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வலைத்தளத்தின் உரிமையை உன் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றும் படிவம். அம்மாவுக்கு எதற்குத் தொல்லை என்றுதான் நீ உன் பெயரில் வைத்துக்கொண்டாய், அது எனக்குத் தெரியும். ஆனால் அதில் இருப்பது என்னுடைய இருபத்தாறு வருஷ வேலை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். அங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அம்மா